உறுதிமொழி அட்டையும் பத்து வாக்கியங்களும்

1994 ஜூலை இறுதியில் வாஷிங்டன் நகரின் நடுவே உள்ள பெரிய புல்வெளியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் வரிசை வரிசையாகக் குத்திவைக்கப்பட்டிருந்தன. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பதின்பருவத்துப் பிள்ளையின் கையெழுத்து. திருமணம் ஆகும்வரை உடலுறவு கொள்வதில்லை என்று கடவுளுக்கும் குடும்பத்துக்கும் வருங்கால வாழ்க்கைத் துணைக்கும் கொடுத்த வாக்கு அது. முந்தைய ஆண்டுதான் தெற்கத்திய பாப்டிஸ்ட் திருச்சபையினர் 'ட்ரூ லவ் வெய்ட்ஸ்' என்ற பெயரில் இந்த இயக்கத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு நாட்டின் மறுகோடியில், கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவில், இதே கவலைக்கு வேறொரு மருந்து தேடினார்கள். ஜான் வாஸ்கான்செலோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினர், பதின்பருவக் கர்ப்பம், போதை, வன்முறை, படிப்பில் தோல்வி எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே என்று நம்பினார்: பிள்ளைகளுக்குத் தங்கள்மேல் மதிப்பு இல்லை. தன்மதிப்பை வளர்த்தால் மற்றவை தாமே சரியாகும் என்று வாதாடி, 1986இல் அரசுப் பணத்தில் மூன்று ஆண்டுப் பணிக்குழு ஒன்றை அமைக்க வைத்தார். பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர்களுக்கு நல்ல தீனி கிடைத்தது. கேலி ஓய்ந்த பிறகும் அந்த நம்பிக்கை பள்ளிக்கூடங்களில் தங்கிவிட்டது.

ஒரு தரப்புக்குக் கடவுள், மறு தரப்புக்கு உளவியல். ஒன்றையொன்று ஏளனமாகப் பார்த்த இந்த இரு கூட்டத்தாரும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள் என்பது இப்போது திரும்பிப் பார்க்கையில் தெரிகிறது. பிள்ளையின் மனத்துக்குள் சரியான பொருளை வைத்துவிட்டால் போதும், அது அம்மைத் தடுப்பூசிபோல உடலைக் காத்துக்கொள்ளும் என்பது அந்தக் கணக்கு. அதன்பின் வந்த ஆய்வுகளின் கதை, பெரும்பாலும் அந்த ஊசி ஏன் வேலை செய்யவில்லை என்ற கதைதான்.

முதலில் தன்மதிப்பு. உளவியலாளர்கள் இதை அளக்கும் கருவியைப் பார்த்தால் சாதாரண வாசகருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். மோரிஸ் ரோசன்பெர்க் 1965இல் நியூயார்க் மாநில உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து உருவாக்கிய பத்து வாக்கியங்கள் அவை. ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறாய் என்று நான்கு கட்டங்களில் ஒன்றைக் குறிக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. உலகில் ஆயிரக்கணக்கான ஆய்வுகள் இந்தப் பத்து வாக்கியங்களின்மேல்தான் நிற்கின்றன. அதில் கிடைக்கும் எண், ஒருவர் தன்னைப் பற்றிப் பொதுவாக நல்லபடி நினைக்கிறாரா என்பதைச் சொல்லும். காதலன் ஆணுறை வேண்டாம் என்று முரண்டு பிடிக்கும் இரவில் ஒரு பெண் என்ன செய்வாள் என்பதைச் சொல்லுமா?

பெரிதாகச் சொல்லாது என்பது கலிபோர்னியாவிலேயே தெரிந்துவிட்டது. பணிக்குழுவுக்காகப் பல்கலைக்கழக அறிஞர்கள் எழுதிய கட்டுரைகள் 1989இல் நூலாக வந்தன. பதின்பருவக் கர்ப்பத்துக்கென்றே அதில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. நூலின் முன்னுரையில் சமூகவியலாளர் நீல் ஸ்மெல்சர், தன்மதிப்புக்கும் அதன் விளைவுகளாகச் சொல்லப்படுபவற்றுக்கும் இடையிலான தொடர்பு இவ்வளவு பலவீனமாக இருப்பது ஏமாற்றம் தருவதாக நாசூக்காக ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு வந்த அரசு அறிக்கையோ தன்மதிப்பைச் சமூக நோய்களுக்கான தடுப்பு மருந்து என்றே கொண்டாடியது. ஆய்வாளர் எழுதுவது ஒன்று, அறிக்கை சொல்வது இன்னொன்று. இது அமெரிக்காவுக்கு மட்டுமே உரிய வழக்கமும் அல்ல.

2003இல் ராய் பாமைஸ்டரும் மூன்று சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். புகை, மது, போதை, இளவயது உடலுறவு எதையும் உயர்ந்த தன்மதிப்பு தடுப்பதில்லை என்பது அவர்கள் முடிவு. துணிச்சல் கூடுவதால் சோதித்துப் பார்க்கும் ஆசையும் சற்றுக் கூடலாம் என்றுகூட எழுதினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பாட்ரிசியா குட்சன் குழுவினர் பாலியல் நடத்தையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டு 38 ஆய்வுக் கட்டுரைகளை அலசினார்கள். நடத்தை பற்றிய முடிவுகளில் 62 சதவீதத்திலும், மனப்பான்மை பற்றியவற்றில் 72 சதவீதத்திலும் தன்மதிப்புக்கும் அவற்றுக்கும் பொருட்படுத்தத்தக்க தொடர்பே காணப்படவில்லை. தொடர்பு இருந்த மிச்சத்தில் சில ஒரு திசையிலும் சில எதிர்த் திசையிலும் இழுத்தன. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்துவரும் புகழ்பெற்ற ஆய்விலும் இதே நிலைதான். சிறுவயதின் குறைந்த தன்மதிப்பு, பின்னாளில் உணவுக் கோளாறுகளையும் தற்கொலை எண்ணத்தையும் முன்கூட்டிக் காட்டியது. இளவயது உடலுறவைக் காட்டவில்லை.

ஏன் இந்தக் குழப்பம் என்பதற்கு ஒரு சின்ன ஆய்வு வெளிச்சம் தருகிறது. 2002இல் வெளியானது; ஏழாம் வகுப்பு மாணவர்கள் 188 பேரை ஒன்பதாம் வகுப்புவரை தொடர்ந்தது. உயர்ந்த தன்மதிப்புள்ள பையன்கள், தன்மதிப்பு குறைந்த பையன்களைவிட 2.4 மடங்கு அதிகமாக உடலுறவைத் தொடங்கியிருந்தார்கள். பெண்களிடம் நேர்த் தலைகீழ்: உயர்ந்த தன்மதிப்புள்ளவர்கள் தொடங்காமல் இருப்பதற்கான வாய்ப்பு மூன்று மடங்கு. இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால் ஒன்றை ஒன்று தின்று பூஜ்யம் வரும். 188 பேரை வைத்து உலகத்துக்கு நியாயம் சொல்ல முடியாதுதான். ஆனாலும் எனக்கு இது உண்மையின் வாடை அடிக்கும் முடிவாகத் தெரிகிறது. ஊர் எதற்காக ஒருவரை மெச்சுகிறதோ அதைச் செய்யத்தான் தன்மதிப்பு தெம்பு கொடுக்கிறது. பையன் 'சாதித்தால்' தோளில் தட்டும் ஊர், பெண் அதையே செய்தால் வாய்க்கு வந்தபடி பேசும். ஒரே தெம்பு இரண்டு பேரையும் இரண்டு திசைக்கு அனுப்புவதில் என்ன வியப்பு?

இங்கே தமிழில் எழுதுபவனுக்கு ஒரு சொல் இடறுகிறது. தன்மதிப்பு என்று நான் எழுதிவருவதற்குப் பக்கத்திலேயே சுயமரியாதை என்ற சொல் நமக்கு இருக்கிறது. 1925இல் 'குடி அரசு' வெளிவரத் தொடங்கிய காலத்திலிருந்து அந்தச் சொல் ஓர் இயக்கத்தின் பெயர். மனத்துக்குள் இருக்கும் ஓர் எண்ணாக அதை யாரும் பார்த்ததில்லை. பிறர் முன்னால் நிமிர்ந்து நிற்கும் உரிமையாகத்தான் பார்த்தார்கள். பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதியபோது, மற்றவர்களைப் போலத் தாயின் உடல்நலத்தையும் குடும்பத்தின் வரவு செலவையும் காரணமாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை; பெண்ணின் விடுதலைக்கே அது வேண்டும் என்றார். மதிப்பும் கருத்தடையும் ஒரே வாக்கியத்தில் வந்த இடம் அது. ரோசன்பெர்க்கின் பத்து வாக்கியங்களில் பிறர் முன் நிற்கும் இந்தப் பக்கம் இல்லை.

அளவுகோலைச் சற்றுக் கூராக்கியபோது விடைகளும் கூராயின. ஆணுறைப் பயன்பாடு பற்றிய 121 ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் வந்த ஒரு பகுப்பாய்வில், ஆளின் பொதுவான குணங்கள் பின்னால் போய்விட்டன. முன்னால் வந்தவை நடைமுறை விஷயங்கள்: ஆணுறை பற்றிய எண்ணம், கைவசம் அது இருக்கிறதா, துணையிடம் அதைப் பற்றி வாய்திறந்து பேசியாயிற்றா. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா சொன்ன 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற குறிப்பிட்ட நம்பிக்கையும் 'நான் நல்லவள்' என்ற பொதுவான நம்பிக்கையும் வேறு வேறு. முன்னதைக் கற்றுக்கொடுக்கலாம். பின்னதைக் கண்ணாடி முன் நின்று தினமும் சொல்லிக்கொண்டாலும் மருந்துக்கடையில் போய் ஆணுறை கேட்கும் தைரியம் வந்துவிடாது.

சமய நம்பிக்கையின் கதை இதைவிடச் செறிவானது. ஏனென்றால் அதற்கு விளைவு உண்டு. வாராவாரம் வழிபாட்டுக்குப் போகும், சமயம் தங்கள் வாழ்வில் முக்கியம் என்று சொல்லும் பதின்பருவத்தினர் உடலுறவைத் தள்ளிப்போடுகிறார்கள். இது அமெரிக்க ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்துள்ளது. ஒரே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்த ஆய்வுகளை ஷரோன் ராஸ்டாஸ்கி குழுவினர் 2004இல் திரட்டிப் பார்த்தபோது, பெண்களிடம் இந்த விளைவு தெளிவாக இருந்தது, பையன்களிடம் கலங்கலாக. எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதைவிட எவ்வளவு ஈடுபாடு என்பதே முக்கியம் என்று மார்க் ரெக்னரஸ் 2007இல் எழுதிய நூலில் காட்டினார். உதட்டளவுப் பக்திக்குப் பலன் குறைவு. இதைச் சொல்ல ஆய்வு வேண்டுமா என்று பாட்டிமார் கேட்கக்கூடும்.

எது முன், எது பின் என்ற பழைய சிக்கலும் உண்டு. பக்தி உடலுறவைத் தள்ளிப்போடுகிறதா, உடலுறவு தொடங்கியவர்கள் கூச்சத்தில் தேவாலயத்துக்குப் போவதை நிறுத்துகிறார்களா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் நடக்கின்றன என்று 1989இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வந்த தொடர் ஆய்வுகள் முதல் வழிக்கே கூடுதல் எடை கொடுத்தன.

இந்த ஆய்வுகளில் பல, 'ஆட் ஹெல்த்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரே தேசியக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. அதன் பிறப்பே ஒரு வேடிக்கை. பதின்பருவத்தினரிடம் பாலியல் பற்றிக் கேட்பதா என்று பழமைவாதிகள் கொதித்ததால், ஏற்கெனவே ஒப்புதல் பெற்றிருந்த ஓர் ஆய்வை அமெரிக்க அரசு 1991இல் கைவிட்டது. இரண்டு ஆண்டுகளில் நாடாளுமன்றமே பதின்பருவத்தினரின் பொது உடல்நலம் பற்றி ஓர் ஆய்வு நடத்தச் சட்டம் போட்டது. அந்தப் பெரிய குடைக்குள் பாலியல் கேள்விகளும் நுழைந்துகொண்டன. 1994–95இல் ஏறத்தாழ 90,000 மாணவர்கள் பள்ளிகளில் வினாத்தாளை நிரப்பினார்கள். அந்தப் பள்ளிகளின் மாணவர்களில் ஏறத்தாழ 20,000 பேரிடம் வீடு தேடிப் போய் விரிவாகக் கேட்டார்கள். அட்டையில் கையெழுத்திட்ட பிள்ளைகளும் அதில் மாட்டினார்கள்.

பீட்டர் பியர்மேனும் ஹன்னா புருக்னரும் 2001இல் வெளியிட்ட கட்டுரைதான் முதலில் பரபரப்பானது. உறுதிமொழி எடுத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஒன்றரை ஆண்டு பிந்தித்தான் உடலுறவைத் தொடங்கினார்கள். பாப்டிஸ்ட்காரர்கள் மகிழ்ந்தார்கள். கட்டுரையின் மறுபாதியை அவர்கள் படித்தார்களா என்பது சந்தேகம். ஒரு பள்ளியில் உறுதிமொழிக்காரர்கள் சிறுபான்மையாக, ஒரு தனிக்குழுவாக இருக்கும்வரைதான் அந்தப் பலன். எல்லோரும் கையெழுத்திட்டுவிட்ட பள்ளியில் அதற்கு எந்தச் சக்தியும் இல்லை. சுற்றிலும் ஒருவருமே இல்லாமல் தனியாளாக நின்றாலும் பலன் குறைவு. அதாவது அட்டையில் இருந்த வாக்கியம் வேலை செய்யவில்லை. 'நாங்கள் வேறு' என்ற கூட்டு அடையாளம் வேலை செய்தது. அப்படிப் பார்த்தால் பக்தியின் பலன் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு, நண்பர் குழாத்தின் பலன்.

2005இல் அதே இருவரின் அடுத்த கட்டுரை வந்தது. உறுதிமொழி எடுத்தவர்களில் பெரும்பாலோர் திருமணத்துக்கு முன்பே உடலுறவு கொண்டிருந்தனர். பால்வினை நோய் விகிதத்தில் மற்றவர்களோடு வேறுபாடில்லை. முதல் உறவின்போது ஆணுறை பயன்படுத்தியது அவர்களில் குறைவு. 2009இல் ஜேனட் ரோசன்பாம் இன்னும் கறாராக ஒப்பிட்டார். உறுதிமொழி எடுத்த 289 பேருக்கு, எடுக்காத 645 பேரை ஜோடியாகத் தேர்ந்தெடுத்தார். உறுதிமொழிக்கு முன்பே பக்தியிலும் குடும்பப் பின்னணியிலும் பாலியல் பற்றிய எண்ணத்திலும் ஏறக்குறைய அச்சில் வார்த்ததுபோல் இருந்தவர்கள் இந்த இரு தரப்பினரும். ஐந்தாண்டு கழித்து உடலுறவிலும் நோயிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. கருத்தடையில் உண்டு: உறுதிமொழிக்காரர்கள் பின்தங்கியிருந்தார்கள். அவர்களில் 82 சதவீதத்தினர் தாங்கள் அப்படியொரு வாக்கே கொடுத்ததில்லை என்று பதில் சொன்னார்கள் என்பது இதில் எனக்கு மறக்க முடியாத எண்.

ஆணுறைக் குறைவுக்கு விளக்கம் எளிது. ஆணுறையைப் பையில் வைத்திருப்பவள் தவறு செய்யத் திட்டமிட்டவள். திட்டமில்லாமல் நடந்துவிட்டால் அது சறுக்கல், மன்னிப்பு உண்டு. பக்தியுள்ள பெண்ணுக்கு முன்யோசனைதான் பெரிய பாவமாகிவிடுகிறது. மழை வராது என்று சத்தியம் செய்தவர் கையில் குடையோடு வெளியே கிளம்ப முடியாது.

இதற்கிடையே 1996இல் அமெரிக்க அரசு, திருமணம்வரை விலகியிருப்பதை மட்டுமே போதிக்கும் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. நாடாளுமன்றத்துக்காக மேத்தமேட்டிகா நிறுவனம் நான்கு திட்டங்களை மதிப்பிட்டு 2007இல் அறிக்கை தந்தது. வகுப்பில் உட்கார்ந்தவர்களும் உட்காராதவர்களும் முதல் உறவு கொண்ட சராசரி வயது ஒன்றே: 14.9. கலிபோர்னியா இந்தப் பணத்தைக் கடைசிவரை வாங்கவில்லை. 90களின் தொடக்கத்தில் அது தானே அப்படியொரு தள்ளிப்போடும் பாடத்திட்டத்தை மாநிலம் முழுவதும் நடத்தி, மதிப்பிட்டு, பலனில்லை என்று கண்டு நிறுத்தியிருந்தது. தன்மதிப்புக்காகச் சிரிப்புக்கு ஆளான மாநிலம் சோதனை செய்து பார்த்து விட்டுவிடவும் கற்றிருந்தது என்பதை அதன் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மாநிலம் மாநிலமாக ஒப்பிட்டால் படம் இன்னும் விசித்திரம். பக்தி மிகுந்த மாநிலங்களில்தான் பதின்பருவப் பிரசவமும் மிகுதி. 2009இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.73. பட்டியலின் உச்சியில் மிசிசிப்பி. இதை வைத்துக்கொண்டு பக்தியுள்ள பெண்கள்தான் கர்ப்பமாகிறார்கள் என்று முடிவுகட்டினால் அது அவசரம். பக்தி மிகுந்த ஊரில் பக்தியில்லாத பெண்ணும் வாழ்கிறாள். அந்த ஊர் போடும் சட்டம் அவளுக்கும் பொருந்தும். மிசிசிப்பி 2011இல் பாலியல் கல்விச் சட்டம் கொண்டுவந்தபோது வகுப்பில் ஆணுறையைச் செய்முறையாகக் காட்டத் தடை விதித்தது. முன்னாள் ஆசிரியர் ஒருவர் யூடியூபில் தோன்றி, காலுறையை எடுத்து முகம் மாறாமல் காலில் மாட்டிக் காட்டி, நுனியில் கொஞ்சம் இடம் விடுவது முதற்கொண்டு விளக்கினார். ஊரே சிரித்தது, சட்டம் அப்படியே இருந்தது.

அமெரிக்கா முழுவதிலும் 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்கு 1991இல் 61.8 ஆக இருந்த பிரசவம், 2022இல் 13.6க்கு இறங்கிவிட்டது. இந்தச் சரிவின் ஒரு பகுதியான 1995–2002 காலத்தை ஆராய்ந்த ஜான் சான்டெல்லி குழுவினர், கர்ப்பம் குறைந்ததில் 86 சதவீதம் கருத்தடைப் பயன்பாட்டால், மீதிதான் விலகியிருத்தலால் என்று கணக்கிட்டார்கள். மீதி 14 சதவீதம் என்பதும் சும்மா இல்லை. பள்ளி வயதுச் சிறுமிகளிடம் அது இன்னும் கூடுதல். தள்ளிப்போடுவதற்குப் பலன் உண்டு. தள்ளிப்போட்டுவிட்டுக் கையை விரிப்பதில்தான் சிக்கல்.

இதுவரை இரண்டையும் தனித்தனியே பார்த்தோம். ஆய்வாளர்களும் பெரும்பாலும் அப்படித்தான் பார்த்தார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் இவை தனித்தனி அறைகளில் இருப்பதில்லை. தான் மதிப்புள்ளவள் என்ற எண்ணத்தை அவளுக்குக் கொடுத்ததே அவளுடைய சபையாக இருக்கலாம். அப்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் அதிகாரமும் சபையிடம் இருக்கிறது.

சால்ட் லேக் சிட்டியில் 2002 ஜூனில் தன் வீட்டுப் படுக்கையறையிலிருந்து கடத்தப்பட்டபோது எலிசபெத் ஸ்மார்ட்டுக்கு வயது 14. மார்மன் சபைக் குடும்பத்துப் பெண். ஒன்பது மாதச் சிறை. அத்தனை நாளும் வன்கொடுமை. 2013இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, ஏன் ஓடித் தப்பிக்கவில்லை என்று பலரும் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னார். பள்ளியில் ஓர் ஆசிரியர், திருமணத்துக்கு முன் உடலுறவு கொண்ட பெண்ணை மென்று துப்பிய பபிள்கம்மோடு ஒப்பிட்டிருந்தார். அந்தப் பேச்சு தனக்குள் கிடந்தது, இனி தனக்கு என்ன மதிப்பு, திரும்பிப் போய்த்தான் என்ன என்று தோன்றியது என்றார். தமிழில் இதற்கு விளக்கம் தேவையில்லை. எச்சில் என்ற ஒரு சொல் போதும். முள்ளில் சேலை பட்டாலும் சேலையில் முள் பட்டாலும் கிழிவது சேலைதான் என்று நம் ஊரில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பதும் அந்த ஆசிரியர் நடத்திய பாடமேதான். தவறு யாருடையது என்ற கேள்வியே அதில் கிடையாது.

இதற்கு மறுபக்கமும் பதிவாகியிருக்கிறது. தன்பால் ஈர்ப்புள்ள 224 இளைஞர்களிடம் பதின்பருவத்தில் குடும்பம் அவர்களை எப்படி நடத்தியது என்று கெய்ட்லின் ரயன் குழுவினர் கேட்டு 2009இல் வெளியிட்டார்கள். கடுமையாக ஒதுக்கிய குடும்பங்களிலிருந்து வந்தவர்களிடம், அவ்வளவாக ஒதுக்காத குடும்பத்தாரோடு ஒப்பிட, தற்கொலை முயற்சி 8.4 மடங்கு, பாதுகாப்பற்ற உடலுறவு 3.4 மடங்கு. ரயன் அத்தோடு நிற்கவில்லை. சமயத்தை விட்டுவிடு என்று பெற்றோரிடம் சொல்லாமல், மார்மன் குடும்பங்களுக்கென்றே அவர்கள் நம்பிக்கையின் மொழியில் ஒரு கையேடு தயாரித்தார். கொள்கை மாறாவிட்டாலும் பிள்ளையிடம் நடந்துகொள்ளும் விதம் மாறினால் போதும் என்பது அதன் பொருள்.

சமயத்துக்குள்ளேயே இருந்து வேறு வழி கண்டவர்களும் உண்டு. யூனிடேரியன் யுனிவர்சலிஸ்ட் சபையும் யுனைட்டெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் சபையும் சேர்ந்து நடத்தும் 'அவர் ஹோல் லைவ்ஸ்' பாடத்திட்டத்தில், தேவாலயக் கட்டடத்திலேயே, கருத்தடை உள்படச் சகலமும் சொல்லித்தருகிறார்கள். சிறிய சபைகள், பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் நம்பிக்கையும் தகவலும் ஒரே அறையில் உட்கார முடியும் என்பதற்கு இது கண்கண்ட சாட்சி.

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கிறிஸ்தவப் பிள்ளைகளைப் பற்றியவை. அங்கே கேள்வியே 'திருமணத்துக்கு முன் எப்போது' என்பதுதான். ஆப்பிரிக்காவில் கேள்வியின் அடிமண் சரிந்தது. கென்யாவின் கிசுமு, ஜாம்பியாவின் இன்டோலா நகரங்களில் 15–19 வயதுப் பெண்களிடம் எடுத்த தரவுகளை ஷெல்லி கிளார்க் 2004இல் ஆராய்ந்தார். திருமணமாகாமல் உடலுறவு கொண்டிருந்த பெண்களைவிடத் திருமணமான பெண்களிடம் எச்.ஐ.வி. தொற்று ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளி கூடுதல். கணவருக்கு வயது அதிகம், அவருக்கு முன்பே வேறு உறவுகள் இருந்திருக்கும், வீட்டில் உறவு அடிக்கடி, ஆணுறை என்ற பேச்சுக்கே இடமில்லை. அட்டை காத்திருக்கச் சொன்ன அந்தத் திருமணம்தான் இவர்களுக்கு ஆபத்தின் வாசல்.

இந்தியாவில் 2007இல் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்துக்கு எதிர்ப்புக் கிளம்பி, மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் உள்படப் பல மாநிலங்கள் அதை நிறுத்தின. மனு ஒன்று மாநிலங்களவைக்குப் போனது. வெங்கையா நாயுடு தலைமையிலான மனுக்கள் குழு, ரோசன்பாமின் ஆய்வு வெளியான அதே 2009இல் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது, திருமணத்துக்கு முன் உடலுறவு ஒழுக்கக்கேடு என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த வேண்டும் என்பது அதன் பரிந்துரை. வாஷிங்டன் புல்வெளியில் பதினைந்து ஆண்டுக்கு முன் குத்திவைத்த வாக்கியம் டெல்லிக்கு வந்து சேர்ந்திருந்தது.

பத்தாண்டு கழித்து, 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 20 முதல் 24 வயதுவரையுள்ள பெண்களில் 23.3 சதவீதத்தினருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் ஆகிவிட்டதாகச் சொல்கிறது. பதினாறு வயதில் தாலி, பதினேழில் பிரசவ வார்டு என்று போனவர்களும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள். அந்த அட்டையில் எழுதியிருந்தபடி பார்த்தால், திருமணம்வரை காத்திருந்த இவர்கள் எல்லோரும் வாக்குத் தவறாதவர்கள்.